மேனேஜர் படுத்துக்கொண்டான்

மூன்றாவது முறையும் மேனேஜர் படுத்துக்கொண்டான். சாலையைக் கடப்பதற்கான விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. எங்களோடு நின்றிருந்தவர்கள் பாதித் தூரம் போய்விட்டார்கள். "போலாம்" என்று அம்மாக்காரி இரண்டு தரம் தெளிவாகச் சொல்லியாயிற்று. அவனோ முன்னங்கால்களை நீட்டி, சிறுமியின் காலணிகள் மேல் வயிற்றைப் பரப்பி, நடைபாதை நடுவே கிடந்தான். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கிப் போனார்கள். நான் கையிலிருந்த தேர்வுத் தாளில் மூன்றாவது கட்டத்திலும் பெருக்கல் குறி போட்டேன்.

மூன்று மறுப்பு என்றால் தோல்வி. தோற்ற நாய் பயிற்சி மையத்துக்குத் திரும்பிவிட வேண்டும், குறைந்தது மூன்று மாதம். அந்த விதியை எழுதிய குழுவில் நானும் ஒருத்தி.

மேனேஜரை வளர்த்தவளும் நான்தான். எட்டு வாரக் குட்டியாக வந்தபோதே மற்ற குட்டிகளெல்லாம் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் ஓரமாக உட்கார்ந்து, யார் ஒழுங்காக வேலை பார்க்கிறார்கள், யார் ஏமாற்றுகிறார்கள் என்று மேற்பார்வை பார்ப்பான். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பேருந்தில் "மேனேஜர், உட்காரு" என்று நான் சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவர் பதறி எழுந்து இடம்கூடக் கொடுத்திருக்கிறார். இரண்டு வருடம் என்னிடம் இருந்தவனைப் போன வருடம் இந்தக் குடும்பத்திடம் ஒப்படைத்தேன். இது அதற்குப் பிறகான முதல் வருடாந்திரத் தேர்வு.

அம்மா ஒரு கடைக்கு ஜன்னல் திரை தைப்பவள். அப்பா லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில். ஒரே மகள், எட்டு வயது, ஆட்டிசம். எதைக் கண்டாலும் அதைச் சுற்றிவிடுவாள், தானும் சுற்றுவாள், அதனால் வீட்டில் அவள் பெயரே பம்பரம். பேச்சு குறைவு. ஆனால் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தால் போதும், ஆள் இருக்கமாட்டாள். ஒருமுறை ரயில்கள் நிறுத்தும் இடத்தில், தண்டவாளத்துக்கு நடுவே, சக்கரங்களைப் பார்த்தபடி நின்றவளைக் கண்டுபிடித்தார்கள். அதன்பிறகு அம்மா தன் மணிக்கட்டையும் மகளின் கணுக்காலையும் ஒரு துணிப்பட்டையால் கட்டிக்கொண்டுதான் படுத்தாளாம், மேனேஜர் வரும்வரை.

இப்போது பம்பரத்தின் இடுப்பில் ஒரு பட்டை. அதிலிருந்து ஒரு சின்ன வார் மேனேஜரின் மேலுறையில் மாட்டியிருக்கும். அவனுடைய நீள வார் அம்மா கையில். பிள்ளை ஓடப் பார்த்தால் அவன் அசையாமல் படுத்துவிட வேண்டும். முப்பத்தைந்து கிலோவை எட்டு வயது இழுக்க முடியாது. இவ்வளவுதான் நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. யாரும் ஓடாதபோது, போ என்று சொன்னபிறகும் படுத்துக்கிடக்க நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்று காலை லிஃப்ட் வாசலில் படுத்தான். ரயில் நிலையப் படிக்கட்டில் படுத்தான். இரண்டு தடவையும் சற்று நேரம் கழித்துத் தானாகவே எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் நடந்தான். முதல் தடவை 'கவனச் சிதறல்' என்று எழுதினேன். இரண்டாவதற்கு 'பிடிவாதம்'.

"இன்னொரு தரம் பாக்கலாமே, மேடம்" என்றாள் அம்மா.

"மூணு தடவை ஆயிடுச்சும்மா. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"காரணமில்லாம அவன் படுக்க மாட்டான். ஒரு மாசமாவே இப்படித்தான், அங்கங்க படுக்கறான். கொஞ்சம் விட்டா அவனே எழுந்துக்குவான். நானும் நிப்பேன்."

"அதான் தப்பு. செல்லம் குடுத்துட்டீங்க. உங்க பேச்ச அவன் கேக்கணும். இங்க அவன் பேச்ச நீங்க கேக்கறீங்க."

"ஆமா, கேக்கறேன்" என்றாள், குரலை உயர்த்தாமல். "கேட்டதுல இதுவரைக்கும் நான் கெட்டுப்போகல."

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாக நாய்களோடு இருப்பவள் நான். "குடுங்க இப்படி" என்று நீள வாரை வாங்கிக்கொண்டேன்.

"மேனேஜர், எழுந்திரு."

அவன் என்னைப் பார்த்தான். தலையைத் திருப்பிப் பம்பரத்தைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். நான் அவனிடம் எதையும் இரண்டாம் தரம் சொல்லவேண்டி வந்ததே இல்லை. அன்று சொன்னேன், குட்டியாக இருந்தபோது சொல்லும் அதே அழுத்தத்தோடு. அவன் எழுந்தான். விருப்பமில்லாமல் எழுந்தான் என்பது எனக்குத் தெரியத்தான் செய்தது. எழுந்துவிட்டானே என்ற பெருமை அதை மறைத்துவிட்டது.

அவன் உடம்பு அவள் கால்களை விட்டு விலகியதும் அவள் போட்டிருந்த மழைக்கோட்டுக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். பட்டை வழுக்கிக் கீழே விழுந்தது. பம்பரம் ஓடினாள்.

அதற்குள் விளக்கு சிவப்பாகிவிட்டது. எதிர்ப்பக்கம் ஒரு சலவைக் கடை. கண்ணாடிக்கு உள்ளே வரிசையாக ஆறு இயந்திரங்கள், ஆறிலும் துணி சுழன்றுகொண்டிருந்தது. அவள் எங்களை விட்டு ஓடவில்லை, அதை நோக்கி ஓடினாள். நடுவில் சாலை இருப்பது அவள் பார்வையிலேயே இல்லை. இடப்பக்கமிருந்து ஒரு பேருந்து வந்துகொண்டிருந்தது.

என் உள்ளங்கை எரிந்தபோதுதான் வார் கையில் இல்லை என்று தெரிந்தது. மேனேஜர் அவள் பின்னால் போகவில்லை. குறுக்கே பாய்ந்து, அவளுக்கு முன்னால் போய்த் திரும்பி, சுவர்போல் நின்றான். அவள் அவன் விலாவில் மோதினாள். தோளால் அவளைத் தள்ளிக்கொண்டே நடைபாதைவரை வந்து, கால்மேல் படுத்துவிட்டான். பேருந்து அலறிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார், திட்ட வாயெடுத்தவர் நாயைப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அம்மா மண்டிபோட்டு மகளைப் பிடித்துக்கொண்டாள். பம்பரம் சலவைக் கடையைக் கைகாட்டினாள்.

"சுத்துது" என்றாள்.

"ஆமாண்டி கண்ணு, சுத்துது. அம்மா கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிச் சொல்லி அவள் முதுகைத் தடவினாள் அம்மா.

மேனேஜரின் சின்ன வாரில் இழுபட்டு வந்திருந்த பட்டையை நான் கழற்றி எடுத்தேன். அதன் பூட்டில் இரண்டு கொக்கி, இரண்டையும் தனித்தனியாக அழுத்தினால்தான் திறக்கும். குழந்தைகளால் முடியாது என்று நாங்களே தேர்ந்தெடுத்த பூட்டு. பம்பரம் அதை என் கையிலிருந்து பிடுங்கி, பார்க்காமலேயே ஒரு கொக்கியை அழுத்தினாள். டிக். மேனேஜரின் தலை சட்டென்று நிமிர்ந்தது. அவள் அதைத் திரும்பப் பொருத்தினாள். தலை இறங்கியது. மறுபடி டிக். மறுபடி நிமிர்ந்தது.

லிஃப்ட் வாசலிலும் படிக்கட்டிலும் நடந்தது இதுதான். முதல் கொக்கி திறந்த சத்தத்துக்கு அவன் படுத்திருக்கிறான், அது பூட்டிய சத்தத்துக்கு எழுந்திருக்கிறான். இங்கேயும் அப்படித்தான் படுத்தான், நான் எழுப்பியபிறகு இரண்டாவது கொக்கியும் திறந்துவிட்டது.

"எனக்கே தெரியலயே" என்றாள் அம்மா. "இத யாரு அவனுக்குச் சொல்லிக் குடுத்தா?"

"நான் இல்ல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதான் எழுப்புனீங்க."

"ஆமா. நான்தான் எழுப்புனேன்."

அவள் மகள் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தேர்வுத் தாளைத் திருப்பி, அதன் பின்பக்கம் நடந்ததை நடந்தபடியே எழுதினேன். தவறான கட்டளை கொடுத்தது யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். 'நாய் தேர்ச்சி' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். குழு நாளைக்கு ஆயிரம் கேள்வி கேட்கும். கேட்கட்டும், பதில் சொல்லிக்கொள்ளலாம். வேறு பூட்டும் பார்க்கச் சொல்ல வேண்டும். தாளை அம்மாவிடம் நீட்டினேன். அவள் படித்துவிட்டு, "அவனுக்கு வாசிச்சுக் காட்டட்டுமா?" என்றாள். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தோம்.

பிறகு அவள் பட்டையை மகளின் இடுப்பில் மாட்டி, கைப்பையிலிருந்து ஊசியும் தடித்த நூலும் எடுத்து, அங்கேயே உட்கார்ந்து பூட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாகத் தைக்க ஆரம்பித்தாள். வீட்டுக்குப் போய் வெட்டி எடுத்துக்கொள்வாளாம். பம்பரம் அசையாமல் நின்று எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்து, "மேனேஜர்" என்று மெல்லக் கூப்பிட்டேன். அவனுடைய ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது. மோவாய் அவள் காலணிமேலேயே இருந்தது.