நான்கு பேனாக்களும் ஒரு கட்டைவிரலும்

ஆய்வகத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பூதக்கண்ணாடி என்றால் போதும், திரும்பிப் பார்ப்பாள். தகராறில் மாட்டிக்கொண்ட கையெழுத்துகளைப் பரிசோதிப்பது அவள் வேலை. உயிலில் இருப்பது அப்பா போட்ட கையெழுத்தா, மகன் போட்டதா, மொட்டைக் கடுதாசியை எழுதிய கை எந்தக் கை என்றெல்லாம் பார்த்து அறிக்கை எழுதுவாள். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், கோர்ட்டுக்குப் போய்ச் சாட்சி சொல்வாள்.

நாளெல்லாம் அடுத்தவர் எழுத்தைப் பார்க்கிறவளுக்குத் தன் எழுத்துக்கு மட்டும் நல்ல பேனா வேண்டும். அப்படி நான்கு மைப்பேனாக்கள் வைத்திருந்தாள். தடியான பச்சை ஒன்று, மெல்லிய கறுப்பு ஒன்று, காப்பிக்கொட்டை நிறத்தில் ஒன்று, எஃகில் ஒன்று. நான்கிலும் பச்சைதான் செல்லம். அந்த நான்கையும் கோர்ட்டுக்கு மட்டும் கொண்டுபோக மாட்டாள். ஒருமுறை ஒரு வக்கீல், ஒரு நிமிஷம் கொடுங்க என்று வாங்கிய ஐந்தாவது பேனா போனது போனதுதான். அதிலிருந்து கோர்ட் நாளில் பைக்குள் சாதாரணப் பால்பாயின்ட். செல்லங்கள் வீட்டு மேஜைமேல்.

ஒரு புதன்கிழமை காலை ஆய்வகத்தில் பையைத் திறந்தபோது விரலெல்லாம் நீலம். பச்சைப் பேனா மூடிக்குள் மையைக் கக்கி வைத்திருந்தது. அது வழிந்து, முந்தின வாரம் முழுக்க உட்கார்ந்து எழுதிய பதினோரு பக்கக் குறிப்பில் நான்கு பக்கத்தைக் குடித்துவிட்டது. பேனாக்களைப் பைக்குள் சும்மா போட்டுவைத்ததுதான் தப்பு என்று முடிவு கட்டினாள். அவற்றுக்கென்று ஓர் உறை வேண்டும்.

அன்று மாலையே எழுதுபொருள் கடைக்குப் போனாள். இப்படிப்பட்ட சின்னப் பொருளில் இத்தனை வகையா என்று அவளுக்கு ஆச்சரியம். ஜிப் வைத்தது, பொத்தான் வைத்தது, சுருட்டிக் கட்டுவது, பெட்டி மாதிரி நிற்பது. நீண்ட நேரம் புரட்டிவிட்டு, சாம்பல் நிறத் துணியில் ஒரு ஜிப் பவுச்சை எடுத்துவந்தாள். இரண்டே நாளில் அதன் குணம் தெரிந்தது. நான்கு பேனாவும் உள்ளே ஒன்றோடொன்று முட்டி மோதி, கறுப்புப் பேனாவின் மேல் கீறல் விழுந்தது. சனிக்கிழமை காலை பச்சை மறுபடியும் கக்கியது.

அடுத்து, தோலில் செய்த சுருள் உறை. ஒவ்வொரு பேனாவுக்கும் தனித்தனி வளையம். சுருட்டி வாரால் கட்டிவிட வேண்டும். பார்க்கக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. கீறல் நின்றது. கசிவு நிற்கவில்லை.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். உலகத்தில் எது ஒழுகினாலும் வாஷர் போயிருக்கும் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். பேனாவை வாங்கி வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்துவிட்டு, மூடியை நல்லா இறுக்கி மூடு என்று திருப்பிக் கொடுத்தான்.

மாமியார் சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து, வார்டு சிஸ்டராக ஓய்வு பெற்றவள். வாய் சும்மா இருக்காது.

"ராஜா வீட்டுப் பிள்ளைங்களுக்குக்கூட இத்தனை சட்டை எடுத்திருக்க மாட்டாங்க," என்றாள். "நான் ஒரு பேனாவைப் பாக்கெட்ல குத்திக்கிட்டே ரிட்டயர் ஆயிட்டேன்."

பூதக்கண்ணாடி சிரித்துக்கொண்டாள். ஆனால் விஷயம் மண்டைக்குள் குடைந்தது. கறுப்பு கசியவில்லை, காப்பிக்கொட்டையும் எஃகும் கசியவில்லை. பச்சை மட்டும் ஏன்? அதுவும் தினமும் இல்லாமல் சில நாளில் மட்டும் ஏன்?

மூன்றாவது முறை போனபோது கடைக்காரர் அவளை உட்காரவைத்துப் பேசினார். பேனாவின் நிப்பு எப்போதும் மேலே பார்த்து இருக்க வேண்டும், தலைகீழாக நின்றால் மை மூடிக்குள் இறங்கிவிடும் என்றார். அவர் காட்டியது கெட்டியான ஒரு பெட்டி உறை. நான்கு குழி; பேனாக்கள் நிமிர்ந்து நிற்கும். அதை வாங்கி, நான்கையும் நிப்பு மேலே பார்க்க நிறுத்தினாள். அடுத்த செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்குக் கிளம்பும்போதும் ஒருதரம் திறந்து பார்த்துவிட்டு, மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை காலை ஆய்வகத்தில் பெட்டியைத் திறந்தாள். மூன்று பேனா நிமிர்ந்து நின்றன. பச்சை மட்டும் தலைகீழாக நின்றது.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. புதன், சனி, புதன், சனி. கோர்ட் நாளுக்கு மறுநாள் காலையில் மட்டும்தான் கசிவு. கோர்ட் நாளில் பேனாக்கள் வீட்டில் இருக்கின்றன. உறைகளின்மேல் ஒரு குற்றமும் இல்லை.

பச்சைப் பேனாவைத் துடைக்காமல், இரண்டு விரலால் நுனியைப் பிடித்து விளக்கடியில் கொண்டுபோனாள். மூடி பாதிதான் திருகப்பட்டிருந்தது. அதைக் கழற்றியபோது, விரல் பிடிக்கிற இடத்தில், மை உலர்ந்து, ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. அவளுடையதைவிட அகலம். நிப்பின் பிளவில் முரட்டுக் காகிதத்தின் பஞ்சு இரண்டு இழை சிக்கியிருந்தது. அவள் அப்படிப்பட்ட காகிதத்தில் எழுதுவதே இல்லை.

வழக்கம்போல வலது கையில் பேனாவைப் பிடித்துப் பார்த்தாள். அவளுடைய கட்டைவிரல் இடப்பக்கம் போய் உட்கார்ந்தது. தடம் இருந்ததோ வலப்பக்கம். இடது கைக்கு மாற்றினாள். கட்டைவிரல் அந்தத் தடத்தின்மேல் கச்சிதமாகப் போய் விழுந்தது.

யாரோ இடது கையால் எழுதுகிறார்கள். வீட்டில் இருப்பது மூன்றே பேர். மூன்று பேரும் வலதுகைக்காரர்கள்.

அடுத்த மேஜையில் கைரேகைப் பிரிவுக்காரர் இருந்தார். அவள் பேனாவை இப்படியும் அப்படியும் திருப்புவதைப் பார்த்துவிட்டு, என்ன அது, கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுகிறேனே என்று கை நீட்டினார். கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்குக் கை துடித்தது. பிறகு, சொந்த வீட்டாரைக் குற்றவாளிபோல மேஜையில் கிடத்துவதா என்று மனசு இடம் கொடுக்கவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லி ஈரத்துணியால் தடத்தைத் துடைத்துவிட்டாள். துடைத்த பிறகு, துடைத்திருக்க வேண்டாமோ என்றும் தோன்றியது.

அவளை அரித்தது வேறு ஒன்று. தன் எழுத்தை மறைக்க நினைக்கிறவன் முதலில் செய்வது கையை மாற்றுவதுதான் என்பதை அவள் அன்றாடம் பார்க்கிறாள். பத்து மொட்டைக் கடுதாசியில் குறைந்தது இரண்டு அப்படி வரும். அவர்கள் குடியிருப்பின் சங்கச் செயலாளருக்கும் மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருந்தது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதே இல்லை, செயலாளர் கழுவுவதாகக் கதை விடுகிறார் என்று அதில் எழுதியிருந்ததாம். அந்தச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்து, கண் மின்னச் சொன்னது மாமியார்தான்.

வியாழக்கிழமை முழுக்க இரண்டு பேரையும் நோட்டம் விட்டாள். கணவன் ஸ்குரூடிரைவரை வலது கையில்தான் பிடித்தான். பல்லையும் வலது கையால்தான் தேய்த்தான். மாமியார் காய்கறியை வலது கையால் நறுக்கினாள். ஆனால் நடுவில் இரண்டு தரம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைப் பிசைந்தாள். டீ டம்ளரை இடது கையால் எடுத்தாள். எப்போதுமே அப்படித்தான் எடுப்பாளா? எட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவளுக்கு அது தெரியவில்லை. ஊரார் எழுத்தின் சுழியெல்லாம் மனப்பாடம். வீட்டில் இருப்பவள் எந்தக் கையால் டம்ளரை எடுப்பாள் என்பது தெரியாது. அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் வழக்கு பத்து நிமிஷத்தில் ஒத்திப்போய்விட்டது. ஆய்வகத்துக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்தபோது மணி பதினொன்று.

சாப்பாட்டு மேஜையில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். மூக்குக் கண்ணாடி நுனியில் தொங்க, நாக்கைக் கடித்துக்கொண்டு, இடது கையில் பச்சைப் பேனாவைப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தாள். எதிரே பெட்டி உறை திறந்து கிடந்தது. காகிதம், பழைய தினக்காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம்.

மருமகளைப் பார்த்ததும் தாளைக் கையால் மூடினாள். எழுதி மை காயாத இடம் அது. கையெல்லாம் நீலமானது.

பூதக்கண்ணாடி கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வரவில்லை.

"அத்தை, செயலாளருக்கு வந்த மொட்டைக் கடுதாசி நீங்க எழுதினதா?"

மாமியார் முதலில் முழித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கச் சற்று நேரம் ஆனது.

"அந்த ஆளைத் திட்டணும்னா மாடிப்படியில நிறுத்தி வெச்சுத் திட்டுவேன். இல்ல, எழுதிக் கீழ பேரையும் போட்டுடுவேன். வார்டுல பேர் போடாம ஒரு சீட்டு நான் எழுதினதில்ல, மா."

"அப்ப இது என்ன?"

மாமியார் வலது கையை நீட்டிக் காட்டினாள். கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கிப் பளபளவென்று இருந்தது. ஆறு மாதமாக இப்படித்தானாம். பேனாவைப் பிடித்தால் மின்சாரம் பாய்வது போலச் சுரீர் என்கிறதாம். பால்பாயின்டை அழுத்த வேண்டியிருக்கிறது. இடது கைக்கு அவ்வளவு அழுத்தம் இன்னும் வரவில்லை. இந்தப் பச்சைப் பேனாதான், தொட்டாலே எழுதுகிறது. மூடியைத்தான் அவளால் இறுக்கித் திருக முடியவில்லை. உறையில் எந்தப் பக்கம் மேலே என்றும் தெரியாது. கைக்கு வந்தபடி செருகிவிடுவாள்.

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கிறது? இத்தனை நாள் சட்டை தைக்கிறே, தொட்டில் கட்டுறேன்னு கிண்டல் பண்ணிட்டு." மாமியார் குரலைத் தாழ்த்தினாள். "அதுவும் எழுத்தைப் பாரு. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை எழுதின மாதிரி. நீயோ எழுத்தையே பார்த்துப் பொழைக்கிறவ."

எழுதியதைப் பார்க்கலாமா என்று மருமகள் கேட்டாள். மாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, காலண்டர் தாள்களைத் தள்ளினாள். முப்பது முப்பத்தைந்து தாள் இருக்கும். வார்டில் நோயாளிக்கு எழுதுகிற மாதிரியே, நேரம் போட்டு எழுதியிருந்தாள். *காலை 8.10. மகன் கிளம்பினான். சாப்பிட்டது சரி. சட்டைப் பொத்தான் ஒன்று இல்லை. 8.25. மருமகள் கிளம்பினாள். டீ பாதிதான் குடித்தாள். கோர்ட் நாள். முகம் தெளிவில்லை. 10.40. புறா வந்தது. ஒற்றைக் காலில் நின்றது. மற்றக் கால் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.*

பூதக்கண்ணாடி சிரித்தாள். ஆனால் படிக்கப் படிக்க அவள் பார்வை வேறு ஒன்றில் போய் நின்றது. பைக்குள்ளிருந்து லென்ஸை எடுத்தாள். முதல் தாள்களில் எழுத்து ஆடியது. பத்தாவது தாளுக்குமேல் ஆட்டம் குறைந்திருந்தது. கோடுகள் பின்பக்கம் சாய்ந்து, சுழிகள் ஒரே அளவாக, வேகத்தோடு வந்திருந்தன. கை மாற்றி எழுதுகிறவர்கள் எழுத்து இப்படி வருவதில்லை. அவர்கள் கை கடைசி வரைக்கும் தயங்கும்.

"அத்தை, இது உங்களுக்குப் புதுக் கை இல்லையே."

மாமியார் கையில் இருந்த மையை முந்தானையில் துடைத்தாள். பிறகு சொன்னாள். சின்ன வயதில் எல்லாமே இடது கைதான். பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் வாரம், அவளுடைய தலைமுடி ரிப்பனையே அவிழ்த்து அந்தக் கையை நாற்காலிக் கம்பியோடு கட்டிவிட்டார் டீச்சர். நான்கு மாதம் கட்டினார். அதற்கப்புறம் கட்ட வேண்டிய தேவை இல்லாமல் போனது.

"நானே மறந்துட்டேன்," என்றாள். "கை மறக்கல போலிருக்கு."

மறுநாள் சனிக்கிழமை. காலையில் எலும்பு மருத்துவரிடம் கட்டைவிரலைக் காட்டினார்கள். அவர் பட்டை ஒன்று போட்டு, இரண்டு மாதத்துக்கு அந்த விரலுக்கு ஓய்வு என்றார். அங்கிருந்து இருவரும் கடைக்குப் போனார்கள். நான்காவது முறையாக வந்தவளைப் பார்த்ததும் கடைக்காரருக்கு முகம் மாறியது. பெட்டியும் கசிகிறதா என்று கேட்டார். இன்றைக்கு வாங்குவது எனக்கில்லை என்று மாமியாரைக் காட்டினாள்.

பேனா வாங்க ஐந்து நிமிஷம்தான் ஆனது. பச்சையைப் போலவே தடி, ஆனால் திருகாமல் இழுத்தால் கழலும் மூடி. உறை வாங்கத்தான் முக்கால் மணி நேரம். சட்டை என்று கேலி செய்தவள், கடையில் இருந்த உறைகளையெல்லாம் மேஜைமேல் பரப்பச் சொன்னாள். தோலையும் நிறத்தையும் அவள் பார்க்கவே இல்லை. ஒவ்வொன்றையும் இடது கையால் மட்டும் திறந்து, பேனாவை எடுத்து, திரும்ப வைத்து, மூடினாள். ஜிப் பவுச்சை நகர்த்திவைத்தாள். ஒரு கை பையைப் பிடிக்க, ஒரு கை ஜிப்பை இழுக்க வேண்டியிருந்தது. சுருள் உறையின் வாரைக் கட்ட வலது கை வேண்டும். பொத்தான் வைத்தவை கட்டைவிரலைக் கேட்டன. பெரும்பாலான உறைகளில் மடிப்பு வலது கைக்குத் தோதாகத்தான் வைத்துத் தைத்திருந்தது. பதினைந்து வருஷம் விற்ற கடைக்காரரே அதை அன்றைக்குத்தான் கவனித்தார். மடிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆமாம்ல என்றார்.

கடைசியில் மாமியார் எடுத்தது தடித்த கான்வாஸ் துணியில் ஒன்று. மடிப்பு மேலிருந்து விழும். காந்தம் தானே பிடித்துக்கொள்ளும். உள்ளே இரண்டே பேனாவுக்கு இடம். நிப்பு கீழே போகிற மாதிரி திருப்பிச் செருக முடியாதபடி அடி குறுகியிருந்தது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்து மூன்று தரம் உதறினாள். பேனா விழவில்லை. சரி, இதுவே போதும் என்றாள்.

மருமகளும் அதையே எடுத்துத் திறந்து பார்த்தாள். அழகில் தோல் சுருளுக்குக் கிட்டக்கூட வராது. ஆனால் சாட்சிக்கூண்டில் நின்றுகொண்டு, ஒரு கையில் ஆவணத்தோடு, மறு கையால் பேனா எடுக்க இது போல வேறு எதுவும் உதவாது. அவளும் ஒன்று எடுத்துக்கொண்டாள். அதில் பச்சையையும் கறுப்பையும் கோர்ட்டுக்குக் கொண்டுபோவது, யார் கேட்டாலும் கொடுப்பதில்லை என்று அங்கேயே தீர்மானித்தாள்.

பேருந்தில் ஜன்னலோரம் மாமியார் உட்கார்ந்தாள். மடியில் உறையைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தவள், திடீரென்று கேட்டாள்:

"என் எழுத்து ஒரு வழக்குல உன்கிட்ட வந்தா, என்னைப் பத்தி என்ன சொல்லுவே?"

பூதக்கண்ணாடி உண்மையாகவே யோசித்தாள். இன்னும் சொல்ல முடியாது என்றாள். கை படிந்துவர இருநூறு பக்கமாவது ஆகும். டகரத்தின் மூலை இப்போது ஒரு தாளில் கூராகவும் அடுத்த தாளில் உருண்டையாகவும் வருகிறது. எது உங்களுடையது என்று கைக்கே இன்னும் தெரியவில்லை என்றாள்.

மாமியார் இடது கையைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கென்னவோ உருண்டைன்னுதான் தோணுது," என்றாள்.