முப்பத்தொன்றாவது அத்தியாயம்

பகல் பன்னிரண்டு மணிக்கு, ஜெராக்ஸ் மெஷின் யாரோ ஒருவருடைய பட்டாவை வெளியே தள்ளிக்கொண்டிருந்தபோது, கவிதா செல்போனில் அந்தக் கமெண்டைப் படித்தாள். படித்ததும் சிரித்தாள். அதுதான் கொடுமை, முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "அக்கா, 31வது எபி வேற லெவல்! மாவிளக்கு ஐடியா செம. எங்கம்மாவும் அதே மாதிரி மாவிளக்கு வேண்டியிருக்காங்க. வர்ற வெள்ளிக்கிழமை நானும் அவரும் இப்படியேதான் கிளம்பப்போறோம். நிஜமாத்தான்க்கா. எங்களுக்காக வேண்டிக்கங்க." கீழே நாலு இதயம், ஒரு கும்பிடும் கை. பெயர் மழைத்துளி என்றிருந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குடைப்படம். "ஒரு காப்பி மங்கலா இருக்குது பாரும்மா" என்று பட்டாக்காரர் நீட்டிய பிறகுதான், அந்த 'நிஜமாத்தான்க்கா' அவளுக்கு உறைத்தது. பட்டாவை மறுபடி வைத்து மூடியை அமுக்கினாள். வெளியே வந்த காகிதம் வெறும் வெள்ளையாக இருந்தது. எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்திருந்தாள்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன் என்று போர்டு போட்ட அந்தச் சின்னக் கடையில் உட்கார்ந்துகொண்டுதான் கவிதா ஏழு வருடமாக ஸ்ருதி மித்ரனாக இருக்கிறாள். காலையில் முதியோர் உதவித்தொகைக்கு மனு டைப் அடிப்பாள். கூட்டம் குறைந்ததும் அதே கீபோர்டில் காதல் காமெடி. இணையத்தில் தொடராகப் பதினொரு நாவல் எழுதிவிட்டாள். வாரம் இரண்டு அத்தியாயம், ஒரு நாள் தாமதமானாலும் "அக்கா யூடி எங்கக்கா?" என்று அடுத்த அத்தியாயம் கேட்டு வாசகிகள் பிடுங்கி எடுத்துவிடுவார்கள். அவர்களெல்லாம் ஸ்ருதி மித்ரன் கோயம்புத்தூரில் ஊஞ்சல் போட்ட பால்கனியில் உட்கார்ந்து எழுதுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். நினைக்கட்டுமே, யாருக்கு என்ன நட்டம்! அரியலூர் சிமெண்ட் ஃபேக்டரியில் ஷிப்டு பார்க்கும் அவள் கணவன் சரத்குமார் அவள் எழுத்தைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் கருத்துச் சொன்னான். "எழுதிக்க. பேர மட்டும் மாத்திக்க. அண்ணனுக்குத் தெரிஞ்சா வம்பு." அண்ணன் என்றால் செல்லதுரை. அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் செல்லதுரையிடம் போய்த்தான் நிற்கும்.

ஏன் காமெடியாகவே எழுதுகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ. அரியலூர்ப் பக்கம் அவள் பிறந்த ஊரில், அவள் பத்தாவது படிக்கும்போது, எதிர்வீட்டு அம்பிகா ஒருத்தனோடு போய்விட்டாள். மூன்றாம் நாள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அடுத்த வாரம் காய்ச்சலில் செத்துப்போனாள் என்றார்கள். ஊரே தலையாட்டியது, கவிதாவும் ஆட்டினாள். எந்த டாக்டரிடம் காட்டினீர்கள் என்று ஒருத்தர் கேட்கவில்லை. கவிதாவின் நாவல்களில் ஓடிப்போகிறவர்கள் யாரும் பிடிபட்டதே கிடையாது. அரிவாளோடு வருகிற மாமன் சாணியில் வழுக்கி விழுவான். அப்பன்காரன் கடைசி அத்தியாயத்தில் பேரனைத் தூக்கிக்கொண்டு குதிரை விளையாடுவான். அப்படி எழுதி முடிக்கிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒருவாரம் நன்றாகத் தூக்கம் வரும்.

முப்பத்தொன்றாவது அத்தியாயமும் அப்படி எழுதியதுதான். சிறுவாச்சூரில் திங்களும் வெள்ளியும்தான் அம்மன் நடை திறப்பு, அந்த இரண்டு நாளும் கூட்டம் அள்ளும். மாவிளக்கு வேண்டிக்கொண்டவர்கள் வீட்டிலிருந்து மாவு கொண்டுபோவதில்லை. ஊறவைத்த அரிசியைக் கொண்டுபோய், அங்கேயே உரலில் போட்டு இடிப்பார்கள். கதாநாயகி அதைத்தான் பிடித்துக்கொள்கிறாள். அரிசி ஈரமாக இருக்கிறது, காயட்டும், அதற்குள் வெல்லம் வாங்கி வருகிறேன் என்று அம்மாவை உரலடியில் உட்காரவைத்துவிட்டு நழுவுகிறாள். நாயகனின் நண்பன் காரோடு நிற்கிறான், கார் திருச்சிப் பக்கம் பறக்கிறது. டோல்கேட்டில் பார்த்தால் ஃபாஸ்டேக்கில் காசில்லை. கையில் கல்யாண மாலையோடு நின்று பின்னால் வருகிற லாரிக்காரனிடம் கெஞ்சுகிறார்கள். முந்நூறு பேர் சிரித்து எழுதியிருந்தார்கள்.

மூன்று மணிக்கு செல்லதுரையின் மனைவி வேணி போன் பண்ணினாள். "கவிதா, வெள்ளிக்கிழம கடைய சாத்திட்டு வந்துடு. சிறுவாச்சூருக்கு மாவிளக்கு போடப் போறோம். பிரவீணாவுக்கு எடம் அமைஞ்சா போடுறேன்னு வேண்டியிருந்தேன். பத்திரிக அடிக்கக் குடுத்தாச்சு. உங்க மாமா உச்சிப் பூசைக்கு நேரா கடையிலேருந்து வந்துடுவாரு." கவிதா சரிக்கா என்றாள், வந்துடுறேன்க்கா என்றாள். போனை வைத்த பிறகு லேமினேஷன் மெஷின் மேல் கையை ஊன்றினாள். சூடு ஏறுவது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. பிரவீணா. வேணியின் மகள், நர்சிங் கடைசி வருடம் முடித்த பிள்ளை. மழை வந்தால் குடையை மடக்கிவைத்துவிட்டு நனைகிற கிறுக்கச்சி.

பயம் என்றால் அப்படியொரு பயம். செல்லதுரைக்குத் திருச்சி போகிற வழியில், பாடாலூர் ஹைவேயில் டயர் கடை. சிறுவாச்சூரிலிருந்து பாடாலூர் வரைக்கும் டீக்கடைக்காரன், பூக்காரி, கரும்புச்சாறு பிழிகிறவன் எல்லாருக்கும் அவர் மகளைத் தெரியும். வரப்புத் தகராறில் ஒருத்தன் கையை டயர் கழற்றும் இரும்பால் உடைத்த மனிதர் அவர். கவிதாவின் கதையில் கார் தெற்கே போனதற்கு ஒரே காரணம், டோல்கேட் ஜோக் அந்தப் பக்கத்தில்தான் பொருந்தியது. அந்தப் பைத்தியக்காரப் பெண்ணும் அதை நம்பிக்கொண்டு நேரே அப்பன் கடை வாசல் வழியாகவே போகப்போகிறாள்! புதன்கிழமை முழுக்க முப்பத்திரண்டாவது அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தாள். அடுத்ததில் பாதையை மாற்றி எழுதினால் அவள் படித்துப் புரிந்துகொள்வாள் என்று ஒரு நப்பாசை. நாயகன் ஜோக் சொல்ல வாயைத் திறப்பான், இவளுக்கு அந்த இரும்புதான் தெரியும். சரத்குமாரிடம் சொல்லலாமா? சொன்னால் அவன் அண்ணனிடம் சொல்லுவான். கெட்டவன் இல்லை, பயந்தவன். எதிர்வீட்டு அம்பிகாவைத் தேடிப்போய்க் கூட்டிவந்தவர்களும் நல்லவர்கள்தான். கவிதா இரண்டு வரி எழுதி நாலு வரி அழித்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பிரவீணாவே கடைக்கு வந்தாள். ஆதார், மார்க் ஷீட், பர்த் சர்ட்டிபிகேட். எல்லாம் ரெண்டு செட் வேண்டுமாம், வேலைக்கு அப்ளிகேஷன் போடவாம். கவிதா ஒவ்வொன்றாக வைத்து எடுத்தாள். பிறந்த தேதி ஒரு காப்பியில் வெட்டுப்பட்டது, மறுபடி எடுத்தாள்.

"திருச்சிப் பக்கம் மட்டும் போவாதடி" என்றாள், மெஷினைப் பார்த்துக்கொண்டே.

பிரவீணாவின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. "சித்தி?"

"அந்தக் கதைய எழுதுனவ நான்தான். மழைத்துளி நீதான?"

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று தெரியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, "நீங்களா சித்தி? நீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் பையன் பெயர் பாலாஜி என்றாள், அரியலூரில் லேப் டெக்னீஷியன் என்றாள். அவன் வீட்டார் என்ன சாதி ஆளுகள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததிலேயே கவிதாவுக்குத் தெரிந்துவிட்டது.

"வேணாம்டி. ரெண்டு மாசம் பொறு. நான் பேசிப் பாக்குறேன்."

"யாருகிட்ட சித்தி? அப்பாகிட்டயா?"

கவிதா காப்பிகளை அடுக்கி ஸ்டேப்ளர் அடித்தாள்.

"உங்க கதையில எல்லாரும் பொழைச்சுக்குறாங்களே சித்தி."

"அது நான் பொழைக்க வெக்கிறேன்டி, கிறுக்கச்சி!" சத்தம் போட்டே சொல்லிவிட்டாள். ரோட்டில் போனவர் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வடக்கால வா. இங்க, பெரம்பலூருக்கே. நேரா எஸ்.பி. ஆபீஸ். எங்கயும் எறங்காத, யாருக்கும் போன் பேசாத. நாங்க மேஜர், பாதுகாப்பு வேணும்னு மனுவ நீட்டு. மனு நான் அடிச்சுத் தரேன்." அடித்தாள். ஏழு வருடத்தில் அவள் எழுதியதிலேயே ஒரு சிரிப்பும் இல்லாத ஒரு பக்கம் அதுதான். அனுப்புநர், பெறுநர், ஐயா, என் உயிருக்கு. அந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. பிரவீணா பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். கவிதா மீதியை அடித்து முடித்தாள். காசு எவ்வளவு என்று அந்தப் பெண் பழக்கத்தில் கேட்டாள், கவிதா அவள் தலையில் ஒரு குட்டு வைத்து அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கெல்லாம் கோயில் நிரம்பிவிட்டது. உரலடியில் இடம் கிடைத்ததே பெரிய பாடு. வேணி துணியை விரித்து அரிசியைப் பரப்பினாள், அதன் ஓரத்தில் செல்போனை வைத்தாள். பிரவீணா பக்கத்தில் குத்துக்காலிட்டிருந்தாள், துப்பட்டாவுக்குள் கைப்பை. "இன்னும் ஈரமா இருக்குதும்மா. காயட்டும், நான் வெல்லம் வாங்கிட்டு வரேன்" என்றாள். கவிதா எழுதிய வசனம், ஒரு எழுத்துக் கூட மாறவில்லை. எழுதும்போது எவ்வளவு லேசாக இருந்தது அது! பிரவீணா கூட்டத்துக்குள் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. சாலையில் பாலாஜி நிற்கும் இடத்துக்கு நடக்கப் பத்து நிமிஷம், பெரம்பலூருக்கு இருபது நிமிஷம். அரைமணி நேரம் வேணியை இந்த இடத்தைவிட்டு எழவிடக் கூடாது.

அரிசி காய்ந்தது. வேணி அள்ளி உரலில் போட்டு உலக்கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் இடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "எங்க இவள இன்னும் காணும்?"

"கூட்டமா இருக்கும்க்கா" என்றாள் கவிதா. "அக்கா, என்னைப் பொண்ணு பாக்க வந்தீங்களே, அன்னிக்கு உள்ள அடுப்படியில என்ன நடந்துச்சு தெரியுமா?"

கரண்ட் போனதிலிருந்து ஆரம்பித்தாள். இருட்டில் அவள் அப்பா மாப்பிள்ளை வீட்டாருக்கு என்று நினைத்துத் தரகருக்கு மாலை போட்டது, தட்டில் ஒரே ஒரு மிளகாய் பஜ்ஜி தப்பி வந்தது, அதைச் சரத்குமார் கடித்தது. கரண்ட் வந்த அந்த நொடியில் பொண்ணு பிடிச்சிருக்கா என்று கேட்டார்கள். அவன் கண்ணில் தண்ணீர் ஊற்ற ஊற்ற வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். "எங்கப்பா உள்ள வந்து, ஏம்மா, மாப்ள உன்னப் பாத்து அழுவுறாரும்மான்னு சொல்றாரு!" வேணி சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்து உரலில் இருந்த இரண்டு பெண்களும் உலக்கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கவிதா குரலை மாற்றி, கையை ஆட்டி, நடக்காததையும் சேர்த்துச் சொன்னாள். முதுகில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு பயந்துகொண்டு அவள் யாரையும் சிரிக்கவைத்ததில்லை.

துணியோரத்தில் செல்போன் அடித்தது. திரையில் செல்லதுரையின் பெயர். நின்றது. உடனே மறுபடி அடித்தது. கவிதா பேச்சை நிறுத்திவிட்டாள்.

வேணி அதைப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் முகத்தில் பாதி இருந்தது, கண்ணில் தண்ணீர் இருந்தது. மாவுக் கையாலேயே போனைக் குப்புறத் திருப்பிப் போட்டாள்.

"காலையில என் கால்ல வுழுந்தா கவிதா" என்றாள் மெதுவாக. "பொறந்ததுலேருந்து வுழாதவ."

கவிதா துணியில் சிந்தியிருந்த மாவை ஒதுக்கினாள்.

"நிறுத்தாத. சொல்லு. எவ்ளோ நேரம் வேணுமோ அவ்ளோ நேரம் சொல்லு."

கவிதா தரகரின் மாலையிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். குப்புறக் கிடந்த போன் மாவுக்குள் நடுங்கி நடுங்கி நகர்ந்தது. உரலில் அரிசி எப்போதோ மாவாகிவிட்டிருந்தது. வேணி இடித்துக்கொண்டே இருந்தாள்.