அவர் பிழைக்க வைத்த பல்பு

என் வீட்டுக்காரர் பூவரசன் ஆம்பூரில் ஷூ கம்பெனி பஸ் ஓட்டுகிறார். பஸ் ஓட்டுகிற வரைக்கும் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. வீட்டுக்கு வந்து, செல்போனில் வீடியோ பார்த்து, கெட்டுப்போன எல்.இ.டி. பல்பை ரிப்பேர் பண்ண ஆரம்பித்தார் பாருங்கள், அதில்தான் வந்தது வினை.

"உள்ள இத்தன பொட்டு இருக்குது. ஒரு பொட்டு கருகிப் போனதுக்கு முழு பல்பையும் தூக்கிப் போடுவாங்களா?" என்பார்.

"ஒரு தையல் தப்புனா முழு ஜோடியையும் திருப்பி அனுப்புறாங்களே, அந்த ஷூ கம்பெனிக்காரங்களப் போய்க் கேளுங்க" என்பேன்.

நான் வீட்டிலிருந்தே ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுக்கிறேன். கறுப்புத் தோல், கறுப்பு நூல். வெளிச்சம் கொஞ்சம் மங்கினாலும் ஊசி இடம் தப்பும். இவரோ கருகின பொட்டைச் சுரண்டி எடுத்து, அங்கே ஈயம் வைத்து, மாட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்துவார். பல்பும் பளிச்சென்று எரியும். இரண்டு நாளில் கண் சிமிட்ட ஆரம்பிக்கும். போன மாதம் அப்படிச் சிமிட்டியதில் நான் தைத்த மூட்டை மொத்தமும் திரும்பி வந்தது. இன்னொரு தடவை வந்தால் வேலையே கிடையாது என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டார்.

சண்டை போட்டுப் பார்த்தேன். மனுஷன் முகம் வாடிப்போனது, பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் அவர் டூட்டிக்குப் போன நேரத்தில் அதே மாதிரி பல்பு ஒன்றைப் புதிதாக வாங்கி வந்து மாட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். "நீங்க ரிப்பேர் பண்ணது சூப்பரா எரியுதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தேன்.

அவ்வளவுதான். தெரு முழுக்க அதே பேச்சு. பக்கத்து வீட்டு வஹீதாவும் என்னை மாதிரி தைக்கிறவள்தான். அவரை நம்பித் தன் பல்பைக் கொடுத்தாள். ரிப்பேர் பண்ணி வாங்கிப்போன மறுநாளே அது அணைந்தது.

"இன்னாண்ணா, உங்க வீட்ல மட்டும் நல்லா எரியுது?" என்று பல்பும் கையுமாக வந்து நின்றாள்.

அவருக்கு இது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. "இரும்மா" என்றவர், சுவிட்சை அணைத்து, ஸ்டூலில் ஏறி, என் தலைக்கு மேல் இருந்த பல்பைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். "இது கேரண்டி. என் கையால பண்ணது." அவளுடையதில் இன்னொரு சொட்டு ஈயம் வைத்து எனக்கு மாட்டினார்.

வாயைத் திறந்தால் என் பொய் வெளியே வரும், மூடினால் வேலை போகும். வந்த ஆத்திரத்தில் தோல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வஹீதா வீட்டிலேயே போய் உட்கார்ந்தேன். அவளிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

இருட்டுகிற நேரத்தில் அவர் தேடிக்கொண்டு வந்தார். "இங்க இன்னா பண்ற?"

"இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்குது."

அண்ணாந்து பல்பைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை. அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"கவலப்படாத தேவிகா. நம்ம வீட்ல இருக்கறதையும் இதே மாதிரி பண்ணிடறேன். காலைல டூட்டிக்குப் போறதுக்குள்ள முடிச்சிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வஹீதா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"சிரிச்சது போதும் வஹீதா" என்றேன். "பல்புக் கடைய காலைல எத்தன மணிக்குத் திறப்பாங்க?"