திருத்தி வாசித்த ஜெபம்

1
இந்தக் கதை பாவ அறிக்கையாகத் தொடங்கியது. 2009-இல் எங்கள் சபையின் பெண்கள் சங்க இதழில் ஒரு கதை எழுதினேன். பிள்ளை பெற்ற எஸ்தருக்குப் பிள்ளையைத் தூக்கப் பிடிக்கவில்லை, ஓயாமல் அழுகிறாள். கடைசிப் பத்தியில் முழங்காலிடுகிறாள், பாரம் நீங்குகிறது, பிள்ளையை வாரி அணைக்கிறாள். எல்லோரும் பாராட்டினார்கள். எஸ்தர் என்று நான் எழுதியது என் தங்கை பெமிலாவை. அவள் மட்டும் பாராட்டவில்லை.

"நானும் முழங்கால்லதானே நின்னேன் அக்கா. எனக்கு ஏன் போவல்ல?" என்று கேட்டாள்.

2
ஐந்து வருடம் கழித்து, மறுபடி எழுதுகிறேன். அனுமதி கேட்டேன். "எழுது. பேர மட்டும் மாத்தாத" என்று போனை வைத்துவிட்டாள்.

'எங்கள் ஊர் கொட்டாரத்து வயல்களில் நாற்று...' வேண்டாம். அவள் வயலைப் பார்க்கவேயில்லை.

'தாய்மை என்பது தேவன் பெண்ணுக்கு அருளிய...' இதையும் அடித்தாயிற்று.

'பிள்ளை பிறந்து இருபதாம் நாள், பெமிலா பால் கொடுத்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.' இது உண்மை. இருக்கட்டும்.

(அவளை அழகாக அழவைக்க எனக்குக் கை துறுதுறுக்கிறது. அவள் அப்படி அழவில்லை. மூக்கு ஒழுக, நாலு நாளாகக் குளிக்காமல் அழுதாள்.)

3
"பிள்ளைய நல்லாப் பிடி ஏட்டி" என்றேன்.

"பிடிச்சிட்டுத்தான் இருக்கேன். யாருக்கயோ பிள்ளைய பிடிச்சிட்டு இருக்கது மாதிரி இருக்கு அக்கா."

"சும்மா கெட. ஆராவது கேட்டா என்ன நெனப்பாவ?"

நான் சொன்னது அவ்வளவுதான். பழைய கதையில் இப்படியொரு அக்கா கிடையாது. வசதியாக விட்டுவிட்டேன்.

4
எங்கள் கோயிலில் ஜெப விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். பெண்களின் சீட்டுகளைச் சங்கச் செயலாளர் மைக்கில் வாசிப்பார், சபை ஜெபிக்கும். அப்போது செயலாளர் நான். 2008-இல், பிள்ளையோடு கோயிலுக்கு வந்த முதல் ஞாயிறு, பெமிலா ஒரு சீட்டு கொடுத்தாள்:

'எனக்கு என் பிள்ளைமேல் பாசம் வர ஜெபியுங்கள். பெமிலா.'

நான் வாசித்தது: "சகோதரி பெமிலாவுக்கும் குழந்தைக்கும் நல்ல சுகம் கிடைக்க ஜெபிப்போம்."

குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். இருநூறு பேர் அவள் கேட்காத ஒன்றுக்காகக் கண்மூடி ஜெபித்தார்கள். அவள் கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்தாள். அதன்பிறகு, கதையைப் படித்துவிட்டுக் கேட்ட அந்த ஒரு கேள்வியைத் தவிர, மனதிலுள்ள எதையும் என்னிடம் சொன்னதில்லை.

(நாகர்கோவிலில் ஒரு மனநல மருத்துவரிடம் அவளைக் கூட்டிப்போனது அவள் கணவன் பெனிஷ். ஏழெட்டு மாதம் மாத்திரை. பாசம் எந்த நாளில் வந்தது, பிள்ளை அப்போது என்ன செய்துகொண்டிருந்தான், எனக்குத் தெரியாது. அதை அவள் வாயால் கேட்க எவ்வளவோ ஏங்குகிறேன். கேட்கும் உரிமையை நானே தொலைத்தேன்.)

5
முடிவு அ: எஸ்தர் முழங்காலிடுகிறாள். அச்சாகிவிட்டது.

முடிவு ஆ: மாத்திரையில் எல்லாம் சரியாகிறது. அதுவும் அவ்வளவு சுத்தமாக நடக்கவில்லை.

முடிவு இ: அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து... ஆசைதான்.

இதழைப் பார்த்துக்கொள்ளும் குளோரி ஐயரம்மா, எங்கள் போதகரின் மனைவி, இதுவரை படித்துவிட்டு, "கடைசில சாட்சி ஒண்ணும் இல்லியே மக்கா" என்றார். கர்த்தர் செய்த நன்மையைச் சொல்லி முடிக்கும் சாட்சியில்லாத கதை எங்கள் இதழில் வந்ததேயில்லை.

அடுத்து, பிழை பார்க்கும் நேசபாய் டீச்சரிடம் போயிற்று. அறுபது வயது, ஒற்றுப்பிழைக்குக்கூடத் திட்டுகிறவர். தாளில் ஒரு திருத்தமும் இல்லாமல், அவரே வீட்டுக்கு எடுத்துவந்தார்.

"எனக்க மூத்தவன் பெறந்தப்பம் எனக்கும் இப்பிடித்தான் இருந்துது மக்கா. ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல. அன்னிக்கி அவளுக்குப் பின்பெஞ்சுலதான் இருந்தேன். நீ உள்ளபடி வாசிச்சிருந்தா எந்திச்சிப் போய் அவ கையப் பிடிச்சிருப்பேன்."



முடிவை நான் எழுதப்போவதில்லை. சீட்டை இப்போது உள்ளபடி வாசித்துவிட்டேன், ஆறு வருடம் தாமதமாக. அன்று கோயிலில் இருநூறு பேர் இருந்தீர்கள். டீச்சரோடு இன்னும் யார் யார் எழுந்திருப்பீர்கள்?