அடுத்த வரி

நாட்டியத்துக்குப் பதம் பாடுகிறவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஆடுகிறவள் கண்ணைக் காட்டும்வரை அடுத்த வரிக்குப் போகக்கூடாது. எடுத்த வரியையே பாடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒரு வரிக்கு ஆடுகிறவள் ஆயிரம் அர்த்தம் காட்டுவாள். தொண்டை வறண்டாலும் சரி, இருமல் வந்தாலும் சரி. அக்காவுக்கு இத்தனை காலமாகப் பாடிவரும் தங்கைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்காவின் இமை அசைவதற்குள் இவள் குரல் நகர்ந்துவிடும்.

அன்றைக்கு அரங்கில் எள் போட்டால் எள் விழாது. "திரியைத் தூண்டி வைத்தேன் தோழி, தெருவில் காலடி இல்லையே" என்று எடுத்தாள் தங்கை. அக்கா உட்கார்ந்து திரியைத் தூண்டினாள். சுட்ட விரலை உதறினாள். அடடா, இல்லாத விளக்கு எரிந்தது! வெறும் இரண்டு விரல்தான். அதற்குள் ஒரு வீடு, ஒரு வாசல், வராத ஒருவன், எல்லாம் வந்து நின்றன. எந்தக் கொம்பனாலும் அதற்கு விலை சொல்ல முடியாது. அடுத்த சுற்றில் அதே திரியைக் கோபமாகத் தூண்டினாள். அதற்கடுத்து, அவன் பார்த்துவிடுவானோ என்ற வெட்கத்தோடு.

பிறகு மறுபடியும் விரலை உதறினாள். முதலில் உதறிய அதே உதறல், அதே புருவம். ஒரு பாவனையை அப்படியே திரும்பச் செய்கிற பழக்கம் அக்காவுக்கு வாழ்நாளில் கிடையாது. தங்கை அக்காவின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பாடினாள். மறுபடியும் அதே கோபம், அதே வெட்கம், அதே உதறல். அக்கா திரும்பிப் பார்த்தாள். அப்பாடா என்று அடுத்த வரிக்கு வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். 'போகலாம்' என்கிற பார்வையாகவா இருந்தது அது? 'நான் எங்கே இருக்கேன்?' என்று கேட்டது.

பக்கத்தில் மிருதங்கம் வாசித்துக்கொண்டிருந்தவர் அத்தான், அக்காவின் கணவர். தங்கை அவரைப் பார்த்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. அட கடவுளே, இவருக்கு முன்னாலேயே தெரியும்!

இனி என்ன சட்டம், என்ன முறை! துணிந்து பாடிவிட்டாள்: "பொழுது விடிந்ததே, பூவும் வாடியதே." அக்கா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. விடிந்த பிறகும் உட்கார்ந்து திரியைத் தூண்டினாள்.

முன்வரிசையில் மன்றச் செயலாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "விடிஞ்சதையே நம்ப மாட்டேங்கறாளே அந்தப் பொண்ணு! என்ன கற்பனை, என்ன கற்பனை!" கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எழுந்து நின்று 'ஐயோ, நிறுத்துங்க' என்று கத்த வேண்டும்போல இருந்தது தங்கைக்கு. கத்தினால் அக்காவின் மானம் போகும். பாடினால் அக்கா அந்த விளக்கடியிலேயே கிடப்பாள். என்னதான் செய்வாள்? பாடினாள்.

கடைசியில் அத்தான்தான் யாரையும் கேட்காமல் முடிக்கிற ஜதியை வாசித்தார். மிருதங்கம் அதிர்ந்ததும் அக்காவின் கால் தானாக எழுந்தது. ஒரு தட்டுப் பிசகாமல் முடித்து நின்றாள். பாழாய்ப்போன கால் மட்டும் எதையும் மறக்கவில்லை.

ஒப்பனை அறைக்குச் செயலாளர் ஓடிவந்தார். "அடுத்த மாசமும் நீங்கதாம்மா. இதே பதம், இதே மாதிரி. ஒண்ணையும் மாத்திடாதீங்க!"

"அதுக்கென்ன, ஆடிடலாம்" என்று சிரித்தாள் அக்கா.

அவர் தலை மறைந்ததும் தங்கை அத்தானிடம் பாய்ந்தாள். "எவ்வளவு நாளா இப்படி? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டியாச்சும்மா. கையை விரிச்சுட்டாங்க." மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார், நாடா விரலுக்குப் பிடிபடவில்லை. "ஆட்டத்தையும் நிறுத்திட்டா இருக்கிற ஞாபகமும் போயிடுமோன்னு பயமா இருக்கு."

அக்கா சலங்கையை அவிழ்க்காமல் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். "ஏண்டி, அடுத்த வரி என்ன? நான் காத்துக்கிட்டே இருந்தேன். நீ பாடவே இல்லையே."

தங்கை அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "என் தப்புதான்க்கா" என்றாள். குனிந்து அவள் காதோரம் மெல்லப் பாடிக் காட்டினாள், பொழுது விடிந்ததே என்று.

அக்கா கவனமாகக் கேட்டாள். புரிந்ததுபோலத் தலையாட்டினாள். பிறகு அவள் விரல்கள் மடியில் குவிந்தன. திரியைத் தூண்டின, சூட்டில் உதறின. நிமிர்ந்து தங்கையையே பார்த்தாள்.

அடுத்த வரிக்கான பார்வை வரவில்லை. தங்கை முதல் வரியையே மறுபடி எடுத்தாள்.