வெளியாள்

விமானிகள் சங்கத்துக்கு நான் செயலாளர். புதிதாகச் சேர்ந்த விமானிகளிடம் தொண்டை வறளப் பேசினேன், எல்லோரும் தலையாட்டினார்கள். வேலைநிறுத்தம் தொடங்கியதும் ஒருத்தனும் போனை எடுக்கவில்லை. ஆத்திரத்தோடு, அவர்களில் ஒருவனான செழியனைத் தேடி, கூத்தாநல்லூர் பக்கம் அவன் வீட்டுக்கே போனேன். அவன் அப்பா இராஜாங்கம்தான் இருந்தார். அந்தக் காலத்துக் கூலிப் போராட்டத்தில், மிராசுதார் அறுப்புக்கு இறக்கிய வெளியாட்களை வரப்பில் படுத்து மறித்தவர் என்று செழியனே சொல்லியிருக்கிறான். நெற்றியில் அன்று வாங்கிய அடியின் தழும்பு.

“செழியன் இல்லீங்களா?”

“ஃப்ளைட் ஓட்டப் போயிருக்கான் சார். மத்தவங்க யாரும் வரலையாம், இவனைத்தான் கூப்பிட்டாங்களாம்” என்றார் பெருமையாக.

“நாங்க ஸ்டிரைக்குல இருக்கோங்க. உங்க மகன்தான் வெளியாள்.”

அவர் கை தழும்புக்குப் போனது. பிறகு அண்ணாந்து பார்த்தார்.

“வரப்புன்னா இப்பவும் குறுக்க படுத்துருவேன். ஆகாசத்துல எங்க சார் படுக்கிறது?”