ஒற்றைக் கரண்டிக்கு ஐந்தாவது பின்னூட்டம்

1

இந்தக் கதை ஒரு வேண்டுகோளில் பிறந்தது. 'ஒற்றைக் கரண்டி' என்னும் எங்கள் இணையக் குழுவின் நிர்வாகி, "புதுசா வர்றவங்களுக்கு, இதுல சேர்ந்தா என்ன லாபம்னு பத்து வரி எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டார்.

கொரியாவில் ஒரு பள்ளிக்கு ஒரே உணவியலாளர்தான். ஆசிரியர்கள் நாற்பது பேர் கூடிப் பேச ஓர் அறை இருக்கும். எங்களுக்குச் சமையலறையை ஒட்டி ஒரு மேசை, ஒரு நாற்காலி. சந்தேகம் வந்தால் கேட்கப் பக்கத்தில் ஆள் கிடையாது. அப்படித் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் ஆறாயிரம் பேர் கூடுகிற இடம்தான் இந்தக் குழு.

எழுத உட்கார்ந்தேன்.

குழுவில் சேர்வதன் முதல் நன்மை யாதெனில், அறிவுப் பகிர்வின் வாயிலாக—

எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. கதையாகவே எழுதிவிடுகிறேன். நிர்வாகி கோபித்துக்கொண்டால் பார்த்துக்கொள்ளலாம்.

2

தாஹே என்று ஒருத்தியை உண்டாக்குகிறேன். வயது இருபத்தாறு. வெங்காயத்துக்குப் பேர்போன முவான் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி, இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகள். வேலையில் சேர்ந்து மூன்று வாரம். (முதலில் அவளை அழுமூஞ்சியாக எழுதினேன். எங்கள் வேலையில் அழ நேரம் ஏது? மாற்றிவிட்டேன்.)

காலை எட்டரை. வந்து இறங்கிய கானாங்கெளுத்தி மீனை விரலால் அழுத்துகிறாள். கல்லாக உறைந்து வரவேண்டிய மீனில் விரல் உள்ளே போகிறது.

தலைமைச் சமையல்காரர் ஓக்சுன் எட்டிப் பார்க்கிறார். (பள்ளியில் எங்களையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.) "பொரிச்சுட்டா ஒண்ணும் தெரியாது டீச்சர்."

"தெரியாதுங்கறதுதான் அக்கா பயமே. திருப்பி அனுப்புங்க."

"அனுப்பலாம். பன்னெண்டு பத்துக்குப் பிள்ளைங்க வந்தா உங்க தலையையா வறுத்துப் போடறது?"

3

இங்கே எங்கள் குழுவின் விதியைச் சொல்லியாக வேண்டும். சேர்ந்த உடனே 'அவசரம்' பகுதி திறக்காது. அடுத்தவர் பதிவுகளில் ஐந்து பின்னூட்டம் போட்டிருக்க வேண்டும்.* எல்லாரும் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் 'பயனுள்ள தகவல், நன்றி' என்று போட்டுவிட்டு ஓடுவார்கள். அன்று காலைதான் சேர்ந்த தாஹேயும் நான்கு போட்டாள். ஐந்தாவதாகக் கிடைத்தது, ரப்பர் பூட்ஸை எப்படிக் காயவைப்பது என்ற பதிவு. நன்றி சொல்ல அவளுக்குப் பொறுமை இல்லை.

'மீனைத் திருப்பிட்டேன். 214 பிள்ளைங்க. என்ன சமைக்கறதுன்னு தெரியல' என்று எழுதிவிட்டாள்.

ஊரும் அனுபவ வருடமும்தான் இங்கே எங்களுக்குப் பெயர். முதலில் வந்தவர் 'சொக்ச்சோ பதினொன்று'.

'பூட்ஸுக்குள்ள மீனா? பரவால்ல. திருப்பினதுக்கு முதல்ல ஒரு கைதட்டு. வண்டிக்காரர் போயிட்டாரா? ஓடிப்போய் நிறுத்துங்க. அவங்க கிடங்குல முட்டை இருக்கும்.'

அடுத்து 'தேகு ஏழு': 'தட்டுல ஊத்தி ஆவியில வைங்க. நாப்பது நிமிஷம் போதும். மேல வெங்காயத்தாள். முவான்ல இருந்துக்கிட்டு வெங்காயம் இல்லைன்னு சொன்னா குழுவை விட்டே தூக்கிடுவோம்!'

தாஹே தனியாகச் சிரித்தாள். பிறகு வாசலுக்கு ஓடினாள். வண்டிக்காரர் அப்போதுதான் காப்பியைக் குடித்து முடித்திருந்தார்.

* விளம்பரக்காரர்களைத் தடுக்க வைத்த விதியாம். அவர்கள்தான் முதலில் ஐந்தையும் போட்டு முடிக்கிறார்கள்.

4

முடிவு ஒன்று: முட்டை புஸ்ஸென்று பொங்கி வெந்தது, பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள், சுபம். நிர்வாகிக்கு இது போதும்.

ஆனால் பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அதே பூட்ஸ் பதிவில் இன்னொரு பின்னூட்டம் வந்தது. எழுதியவர் 'கிம்ஜே ஒன்பது'.

'வாசல் பலகையில நம்பரை மாத்தினீங்களா?'

தாஹே அதைப் பார்த்தபோது மணி பன்னிரண்டு ஆறு. ஒவ்வாமைக்காக எங்கள் பலகையில் ஒவ்வோர் உணவுக்கும் பக்கத்தில் எண் போடுவோம். கானாங்கெளுத்தி ஏழு, முட்டை ஒன்று. பலகையில் இன்னும் ஏழுதான் நின்றது. இரண்டாம் வகுப்பு யுன்சோலுக்கு முட்டை ஒரு வாய் போனாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும். தினமும் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் தட்டு எடுப்பாள்.

"அக்கா, சூப்புக்கு வந்த டோஃபு மிச்சம் இருக்கா?"

"ரெண்டு நிமிஷம் குடுங்க, வறுத்துத் தர்றேன். நீங்க முதல்ல பலகைக்கு ஓடுங்க!"

பன்னிரண்டு எட்டுக்கு எண் மாறியது. வரிசையில் முதல் ஆளாக நின்ற யுன்சோல் அண்ணாந்து பார்த்தாள்.

"டீச்சர், இன்னைக்கு ஒண்ணு இருக்கு."

"ஆமாடா கண்ணு. உனக்கு டோஃபு எடுத்து வச்சிருக்கேன்."

5

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தபோது தாஹேமேல் சந்தேகம் வந்தது. இவளுக்கு மட்டும் எப்படி எல்லாம் சரியாக வாய்க்கிறது? நியாயமாக முடிவு இரண்டு என்றும் ஒன்று எழுதவேண்டும் அல்லவா?

முடிவு இரண்டு: ஐம்பத்திரண்டுக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளை பலகையில் ஏழு என்ற எண்ணைப் பார்த்தது, தட்டை எடுத்தது, பிறகு—

இதற்குமேல் எழுத மாட்டேன். எழுதத் தெரியாமல் இல்லை. தாஹே கற்பனை, யுன்சோலும் கற்பனை. அந்தக் கேள்வி மட்டும் கற்பனை இல்லை. கிம்ஜே ஒன்பது நான்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் உணவை மாற்றினேன், பலகையில் எண் மாற்ற மறந்தேன். பள்ளிக்குள் ஆம்புலன்ஸ் வந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. திங்கட்கிழமை வந்து, "இன்னைக்கு என்ன சாப்பாடு டீச்சர்?" என்று சிரித்தபடி கேட்டது. நான்தான் குளிர்பதன அறைக்குள் போய் நின்று அழுதேன். அன்று நான் எந்தக் குழுவிலும் இல்லை.

இப்போது, யார் உணவை மாற்றினேன் என்று எழுதினாலும் போய்க் கேட்டுவிடுகிறேன். "வந்துட்டாங்கப்பா பலகை அக்கா" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். கேட்க ஆள் இருப்பதும் கேட்கிற ஆளாக இருப்பதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நிர்வாகி கேட்ட பத்து வரிக்கு என்னிடம் இருப்பது இந்த ஒரு வரிதான்.

6

முடிவு மூன்று உங்களுடையது. நீங்கள் புதிதாகச் சேர்ந்தவர். நான்கு இடத்தில் நன்றி சொல்லிவிட்டு ஐந்தாவதற்கு இங்கே வந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியாதா!

'பயனுள்ள தகவல்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். இன்று காலை உங்கள் சமையலறையில் என்ன வந்து இறங்கியது, எதைத் திருப்பி அனுப்பினீர்கள், அதற்குப் பதில் என்ன வேகிறது என்று எழுதுங்கள். சொக்ச்சோவும் தேகுவும் யோசனை சொல்வார்கள். நான் பலகையைப் பற்றித்தான் கேட்பேன்.